வரை

துண்டுப் பிரசுரத்தில் நூறு பெரிதாக இருந்தது,
ரம்புட்டான் அளவுப் பூச்சியங்களோடு.
பக்கத்தில், எறும்பு அளவில், ஒரு சொல்:
வரை.

நூறு வரை.

வரைவது என் தொழில்.
உவர்மலையில் வாடகை வீடு, பின்னறை, இரண்டு திரை.
மஸ்கட்டில் யாரோ கட்டப்போகும் வீடுகளுக்கு
இங்கிருந்து நான் படிக்கட்டு வைக்கிறேன்.
பின்னேரம் நாலரைக்குள் கோப்பு போய்ச் சேரவேண்டும்.
போகாது.
தொண்ணூற்றாறு வீதத்தில் நின்று மூச்சு வாங்கும்,
கோணேசர் கோயில் ஏற்றத்தில்
ஐந்து பேரை ஏற்றிய ஓட்டோ மாதிரி.

ஆகவே கம்பனி மாற்றலாம் என்று முடிவு.
நீலச் சட்டைக்காரர் நூறு வரை என்றார்கள்.
செம்மஞ்சள் சட்டைக்காரர் நூற்றைம்பது வரை என்றார்கள்.
"நூறு எம்பிபிஎஸ்" என்று நான் வாசித்துக்காட்ட,
மேல்வீட்டுக் கொறற்றி அக்கா
"அவ்வளவு டொக்டர்மார் இருந்துமா
ஆஸ்பத்திரியில இந்த வரிசை?" என்றா.

போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
இரவு எட்டு மணி. எல்லா வீட்டிலும் நாடகம் ஓடும் நேரம்.
அப்போதுதான் கம்பி உண்மை சொல்லும்.
ஃபர்ஹானா வீட்டு நீலம்: பதினொன்று.
வாசலுக்கு வந்தால் பத்தொன்பது.
சுவருக்குள் பழைய தகரம் இருக்கும் என்றார் அவள் கணவர்,
சுவரைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்து.
பல் டொக்டர் இன்பரூபன் வீட்டுச் செம்மஞ்சள்: நாற்பத்திரண்டு.
ஆனால் அன்றைக்குப் பிள்ளைகள் ரியூசன்.
கச்சான் காற்று அடித்தால் ஆறு, என்றார் அவரே.
மார்கழி மழையைப் பற்றி யாரும் பேசவில்லை.
உப்புப் பூத்த ஆணி, குரங்கு ஊஞ்சலாடிய வயர்,
எல்லாவற்றையும் யாரோ ஒரு ஓமான்காரரின்
குளியலறைப் படத்து ஓரத்தில் பென்சிலால் குறித்துவந்தேன்.

பழந்தமிழில் வரை என்றால் மலை.
சரிதான். தூரத்தில் நீலம், கிட்டப்போனால் கல்.
வரைதல் என்றால் மணமுடித்தலும்.
அதுவும் சரிதான். இருபத்துநாலு மாத ஒப்பந்தம்,
இடையில் பிரிந்தால் தண்டம்.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.

போன வைகாசியில் உப்புவெளி ஹோட்டல் ஒன்றுக்குப்
பன்னிரண்டு அறை வரைந்தேன்.
எல்லாவற்றுக்கும் 'கடல் தெரியும்' என்று போடுங்கோ
என்றார் முதலாளி.
ஏழாம் அறையில் கடல் தெரியாது.
தெரியவேண்டுமென்றால்
குளியல் தொட்டி விளிம்பில் ஏறி
இடப்பக்கம் சாய்ந்து
பக்கத்து வளவின் இரண்டு தென்னையை மறந்துவிடவேண்டும்.
நான் யன்னலுக்குள் நீலம் நிரப்பினேன்.
ஒரேயொரு கிளிக்.
காசு முழுதாக வந்தது, சொன்ன திகதிக்கு.

அடுத்தநாள் நீலச் சட்டைப் பொடியன் சாருஜன் வந்தான்,
படிவமும் ஒரு இலவசப் பேனையுமாக.
"தம்பி, இரவு எட்டுக்கு எவ்வளவு வரும்?"
தெருவைப் பார்த்தான். கொறற்றி அக்காவின் பூனையைப் பார்த்தான்.
"வரும், அக்கா."
"எவ்வளவு?"
பேனையை மூடினான்.
"உங்கட கம்பத்துப் பெட்டியில ஏற்கெனவே பதினாலு வீடு.
நான் சொன்னதா சொல்லவேண்டாம்."
தேத்தண்ணி கொடுத்தேன். சீனி கூடக் கேட்டான்.

கடைசியில் செம்மஞ்சளின் ஆகச் சின்னப் பொதி,
மாதாமாதம் கட்டுவது, முப்பது வரை.
ஏமாற்றமும் மலிவாக இருக்கட்டும் என்று.
இரவு எட்டுக்கு ஒன்பது வருகிறது.
விடிய நாலுக்கு எழும்பினால் இருபத்தேழு,
ஊர் முழுக்க உறங்கிக்கொண்டு எனக்கு வழி விடுகிறது.

இன்றும் கோப்பு தொண்ணூற்றாறில் நின்றது.
காத்திருந்த நேரத்தில்
ஏழாம் அறையைத் திறந்தேன்.
நீலம் அப்படியே இருந்தது.
யன்னலுக்கு வெளியே, அளவு பிசகாமல்,
இரண்டு தென்னை வரைந்தேன்.

யாருக்கும் அனுப்பவில்லை.